உப்பைத் தேடும் மதிப்புரைகள்

தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு கவிதைத் தொகுப்பு வந்தால் மதிப்புரை எழுதுகிறவருக்கு வேலை சுலபம். உப்பளம், துறைமுகம், வள்ளம், சங்கு, முத்து என்று சொற்களைப் பொறுக்கி எடுத்து, இரண்டு இடத்தில் மேற்கோள் காட்டி, நெய்தல் நிலத்தின் வலியைப் பாடும் குரல் என்று முடித்துவிடலாம். புத்தகத்தை முழுசாகப் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. நான் முத்தையாபுரத்துக்காரன். இந்தச் சொற்கள் எங்கள் ஊர் டீக்கடையில் நாள் முழுக்கப் புழங்குபவை. இருந்தாலே கவிதை என்றால், உப்பு லோடு ஏற்றுகிற லாரி ஆபீஸின் பில் புத்தகமும் கவிதைதான்.

தேவதேவன் தூத்துக்குடியில் ஆசிரியராக வேலை பார்த்து, பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து எழுதியவர். 2012இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார். அவர் கவிதைகளில் திரும்பத் திரும்ப வருவது மரம், பறவை, வீடு. 'மாற்றப்படாத வீடு', 'புல்வெளியில் ஒரு கல்' என்று தொகுப்புகளின் பெயர்களிலேயே அது தெரியும். நில முத்திரையோடு காத்திருப்பவர் இவரை என்ன செய்வார்? ஊரைப் பாடாதவர் என்று குறை சொல்வார். இல்லையென்றால் இயற்கைக் கவிஞர் என்று வேறொரு முத்திரையைக் குத்துவார். இரண்டிலும் கவிதையை யாரும் வாசிக்கவில்லை.

உப்பளத்தில் வெயில் ஏறினால் தரையின் வெள்ளை கண்ணைக் குத்தும். ஒதுங்கப் பக்கத்தில் நிழல் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒருவர் விடாமல் மரத்தை எழுதினால், அந்த மரத்தை அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. இதுவும் ஊரை வைத்து வாசிப்பதுதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் இங்கே கவிதையில் நின்றுகொண்டு ஊரைப் பார்க்கிறோம். முத்திரை குத்துகிறவர் ஊரில் நின்றுகொண்டு கவிதையை எடை போடுகிறார்.

சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்து 'புதுக்குரல்கள்' என்று தொகுத்து, முன்னுரையும் எழுதினார். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற அந்தத் தீர்மானமே ஒரு விமர்சனம். இன்று ஒரே கவிஞரின் ஒரு தொகுப்பிலேயே அத்தனை கவிதைகள் இருப்பதுண்டு. அதில் எந்த ஐந்து நிற்கிறது, எது நிற்கவில்லை, ஏன் என்று மதிப்புரை சொல்ல வேண்டாமா? வெளியீட்டு விழாவில் பேசியதையே கொஞ்சம் தட்டிக்கொட்டி அனுப்பினால் அது எப்படி மதிப்புரையாகும்?

இதில் நட்டப்படுவது எழுத வருகிற பிள்ளைகள்தான். முதல் தொகுப்புக்கு வருகிற நாலு மதிப்புரைகளை வைத்துத்தான் அவர்கள் அடுத்ததை யோசிக்கிறார்கள். உப்பு என்கிற சொல்லுக்குக் கைதட்டல் விழுகிறது என்று தெரிந்தால், அடுத்த புத்தகத்தில் இரண்டு கூடை சேர்த்தே கொட்டுவார்கள். அதே தொகுப்பில் நாற்பதாம் பக்கத்தில், கடலே இல்லாமல், அவர்கள் நிஜமாகவே கண்டுபிடித்த ஒரு கவிதை இருக்கலாம். அதை யாராவது ஒருவர் எடுத்து, இது ஏன் நன்றாக இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதினால் போதும். அடுத்த புத்தகம் வேறு மாதிரி வரும்.