பெயரற்றோருக்கு நடுகல்: சயாம் மரண இரயில்பாதை நினைவுச் சின்னங்கள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

இரண்டாம் உலகப் போரில் மலாயாவைக் கைப்பற்றிய சப்பானியப் படை, தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கி.மீ. இரயில்பாதையை 1942–43இல் அமைத்தது. போர்க் கைதிகளோடு, இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த புலம்பெயர் தமிழரும் காட்டு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு வதைந்தனர். தோட்டத் தமிழருள் பலர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து கங்காணி முறையில் சென்ற குடும்பத்தினர். மாண்ட ஆசியத் தொழிலாளரின் தொகை, மாண்ட கைதிகளின் தொகையைவிடப் பன்மடங்கு மிகுதி என மதிப்பிடப்படுகிறது. அவர்களுக்கான நினைவுச் சின்னங்கள் எதை நினைவூட்டுகின்றன, எதை விடுத்துவிடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்லும் பெயரும்

காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7000 கைதிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் உள்ளன. படைவீரருக்குப் பதிவேடு இருந்தது. தொழிலாளருக்கு முறையான பதிவேடு இல்லை. அந்நகரில் சப்பானியப் படையே 1944இல் ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதில் தமிழ் வாசகமும் இடம்பெற்றுள்ளது. எனினும், வதைத்தவர் எழுப்பிய இரங்கற்கல்லில் பொறுப்பேற்பை எதிர்பார்க்க இயலாது.

2023இல் அங்குள்ள வாட் தாவோர்ன் வராராம் விகாரை வளாகத்தில் தமிழர் நடுகல் எழுப்பினர். தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி முதல் வாழ்த்தல் வரை நடுகல்லின் ஆறு நிலைகளைக் கூறுகிறது. அம்மரபில் நடுகல், இன்னான் இன்ன செயலால் பட்டான் என அறிவிப்பது. இங்கோ பெயரில்லை, இறந்தவரும் விரும்பிப் போர்மேற் சென்றவரல்லர். அவர்களை வீரராக்கும்போது, அவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை பின்னுக்குத் தள்ளப்படும் அபாயம் உண்டு. ஆயினும், பிறர் மறந்தவரைத் தம்மவர் எனத் தமிழ்ச் சமூகம் உரிமை கொண்டாடியது என்ற வகையில் அதன் இன்றியமையாமை மறுக்கத்தக்கதன்று.

நாவலே நினைவுச் சின்னம்

மலேசிய எழுத்தாளர்களான ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியன இத்துயரைப் பொருளாகக் கொண்ட நாவல்கள். பின்னதன் தலைப்பே, கல் எழாத நிலையில் எழுத்து அவ்விடத்தை ஏற்றது என்பதற்குச் சான்று. கல் கூட்டத்தைக் குறிக்கிறது. நாவல் தனிமனிதரைக் காட்டுகிறது. எனினும், புனைபெயர்கள் இறந்தவரின் உண்மைப் பெயர்களுக்கு ஈடாகா.

முடிவுரை

இக்குறையைப் போக்கும் வாய்ப்பு தாயகத்திலும் உள்ளது. லால்குடி வட்டாரச் சிற்றூர்களில், மலாயா சென்று, போருக்குப்பின் கடிதம் வராதுபோன உறவினரின் பெயர்கள் குடும்ப நினைவில் எஞ்சியிருக்கக்கூடும். மூத்த தலைமுறை மறையுமுன் கள ஆய்வின்வழி அவற்றைத் தொகுத்தல் வேண்டும். பெயர் பொறிக்கப்படும்போதே அந்நடுகல் நிறைவுபெறும்.