கூரையற்றோர்க்கு முதற்படி எது?

ஜூடித் ஹெர்மன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் எழுதிய 'ட்ரோமா அண்ட் ரெக்கவரி' என்ற நூல் 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'உளக்காயமும் மீட்சியும்' என அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். வன்முறைக்கு ஆளான பெண்களும், போரிலிருந்து திரும்பிய வீரர்களும், அரசியல் கைதிகளுமே அந்நூலின் மையத்தில் நிற்கின்றனர். தெருவில் வாழ்வோர் அல்லர். ஆயினும் வீடற்றோரிடையே பணியாற்றும் உளவியலார் பலர் இதனைத் தம் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கொள்கின்றனர். அவர்கள் கொண்டது சரிதானா என்பதே நம் வினா.

நூலின் முற்பகுதி வரலாறு. 1896இல் ஃபிராய்டு தம்மிடம் வந்த பெண்களின் நோய்க்குச் சிறுவயதில் அவர்கள் அடைந்த பாலியல் கொடுமையே காரணம் என்று அறிவித்ததும், சில ஆண்டுகளிலேயே அக்கருத்தைக் கைவிட்டதும், முதல் உலகப் போரில் நடுங்கி ஊமையான வீரர்களைக் கோழைகள் என ஏசியதும் அங்கே விரிவாகப் பேசப்படுகின்றன. உளக்காயத்தைப் பற்றிய அறிவு ஒவ்வொரு தலைமுறையிலும் கண்டெடுக்கப்பட்டு மீண்டும் மறக்கப்படுகிறது என்பது ஆசிரியரின் வாதம். துன்புற்றோர் பக்கம் நிற்க ஒரு மக்கள் இயக்கம் இல்லாதபோது மருத்துவமும் கண்ணை மூடிக்கொள்கிறது என்று அவர் காட்டும் இடம் நூலின் வலிமையான பகுதி.

பிற்பகுதியில் மீட்சிக்கு மூன்று படிகளை வகுக்கிறார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மக்களோடு மீண்டும் இணைதல். முதற்படி உறுதியாகுமுன் இரண்டாம் படிக்கு யாரையும் இழுக்கலாகாது என்பதில் அவர் கண்டிப்பானவர். இவ்வரிகளைப் படித்தபோது நம் உள்ளம் குத்துண்டதை மறைப்பானேன்?

சில ஆண்டுகளுக்கு முன், நம் ஆலயத் தாழ்வாரத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரவில் படுத்துறங்கி வந்தார். ஓர் இல்லத்தில் அவருக்கு இடம் பெற்றுத் தந்தோம். சேர்க்கும் நாளன்று ஊர் எது, குடும்பம் எங்கே, ஏன் விட்டு வந்தாய், யார் அடித்தது என்று முதலில் நாம் கேட்டோம்; பிறகு அலுவலகத்தில் கேட்டனர்; அதன்பின் மருத்துவர் கேட்டார். ஒரே காலைப்பொழுதில் மும்முறை தம் வாழ்வை அவர் அவிழ்த்துக் காட்ட வேண்டியதாயிற்று. அன்றிரவே அங்கிருந்து போய்விட்டார். 'நன்றியில்லாதவன்' என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில், கதவைத் தாழிட ஓர் அறைகூடக் கொடுக்குமுன்னரே அவரது புண்ணைத் திறக்கச் சொன்னவர்கள் நாமே. இன்று உளவியலார் சேர்க்கைப் படிவத்தைச் சுருக்குவதும், ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்ல வைக்காதிருப்பதும், விடுதியின் கதவு, விளக்கு, படுக்கையின் இடம் ஆகியவற்றைக்கூடக் கவனிப்பதும் இதனால்தான். அமெரிக்க அரசின் மனநலத் துறை 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, நிறுவனமே மீண்டும் காயப்படுத்தாதிருப்பதை ஒரு கடமையாகவே வைத்தது.

எனினும் நூலில் ஒரு குறை உண்டு. பாதுகாப்பு உடலில் தொடங்கிச் சுற்றுப்புறத்திற்கு விரிய வேண்டும் என்று ஆசிரியர் கூறுகிறார், நன்று. ஆனால் அவர் காட்டும் மீட்சிப் பயணம் பெரும்பாலும், குறித்த நாளில் குறித்த நேரத்தில் மருத்துவரின் அறைக்கு வந்து செல்லக்கூடியவரின் பயணம். பேருந்து நிலையத்தில் உறங்குபவருக்குக் குறித்த நேரம் ஏது? நூல் வந்த அதே 1992ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலார் இதற்கு வேறொரு விடை கண்டார். குடியை விட்டால்தான் வீடு, மருந்துண்டால்தான் வீடு என்ற நிபந்தனைகளைத் தள்ளிவிட்டு, முதலில் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். 'வீடே முதலில்' என்னும் அம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது.

செம்பெரிஸ் வென்றார், ஹெர்மன் தோற்றார் என்று முடித்துவிட முடியுமா? கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநோயுற்ற வீடற்றோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு இம்முறை சோதிக்கப்பட்டது. வீடு பெற்றவர்கள் வீட்டில் நிலைத்தனர்; அதில் ஐயமில்லை. ஆனால் நோய்க்குறிகளிலும் போதைப்பழக்கத்திலும் வழக்கமான உதவி பெற்றோரைவிடப் பெரிய வேறுபாடு தென்படவில்லை. கூரை முதற்படிதான், மற்ற இரண்டு படிகளும் அப்படியே காத்திருக்கின்றன. மீட்சி தனிமையில் நிகழாது, உறவில் மட்டுமே நிகழும் என்னும் ஹெர்மனின் கூற்று இங்கேதான் தன் முழுப் பொருளைப் பெறுகிறது. சென்னையில் 1993இல் தொடங்கிய 'பானியன்' அமைப்பு, நெடுநாள் விடுதியில் தங்கிவிட்ட பெண்களைச் சிறு குழுக்களாக ஊருக்குள் சாதாரண வீடுகளில் குடியமர்த்தி, உடனிருந்து துணைசெய்யப் பணியாளரையும் அமர்த்தியது இதனை அறிந்தே எனலாம்.

அருட்பணியாளராகிய நம்மைப் பெரிதும் தடுத்து நிறுத்திய பகுதி மன்னிப்பைப் பற்றியது. மன்னித்தால் வேதனை தீரும் என்ற எண்ணம் பலருக்கு ஓர் ஏமாற்றுக் கனவாகவே முடிகிறது என்கிறார் ஆசிரியர். தவறிழைத்தவர் அறிக்கையிட்டு, மனம் வருந்தி, ஈடு செய்து தேடிப் பெற்றாலொழிய உண்மையான மன்னிப்பு இல்லை என்பது அவர் முடிவு. முதல் வாசிப்பில் இது நம் போதனைக்கு முரண் என்று கோபித்தோம். மறுமுறை படித்தபோது, மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்று ஒப்புரவு அருளடையாளத்தில் பாவியிடம் திருச்சபை கேட்கும் மூன்றையே அவரும் கேட்கிறார் என்று கண்டோம். அடித்தவனிடம் கேட்க வேண்டியதை அடிபட்டவளிடம் கேட்டு வந்தவர்கள் நாம். பகைவரையும் மன்னிக்கச் சொன்ன ஆண்டவரின் வார்த்தையை இது அழித்துவிடாது. ஆனால் அவ்வார்த்தையை யாரிடம், எப்போது சொல்வது என்பதில் நாம் காட்டிய அவசரத்தை வெளிச்சமிடுகிறது. இவ்விடத்தில் ஆசிரியரோடு நமக்கு முழு உடன்பாடு இல்லை; பரிகாரம் வராமலே மன்னித்தவர்களை நாம் அறிவோம். அவர்களை யாரும் அவசரப்படுத்தவில்லை என்பதையும் அறிவோம்.

2023இல் ஹெர்மன் வெளியிட்ட 'ட்ரூத் அண்ட் ரிப்பேர்' நூலில், பாதிக்கப்பட்டவர்களிடமே நீதி என்றால் என்னவென்று கேட்கிறார். தண்டனையைவிட, நடந்தது உண்மை என்று ஊர் ஒப்புக்கொள்வதையே பலர் வேண்டினர். தாழ்வாரத்து மனிதரிடம் அத்தனை கேள்வி கேட்ட நாம், அவர் சொன்னவற்றுள் ஒன்றையேனும் நம்புவதாக அவரிடம் சொல்லவில்லை.