ஏழு நாள் அவகாசமும் ஒரு கட்டளை வரியும்

எத்தீரியத்தின் நெரிசலையும் கட்டணத்தையும் தணிப்பதற்காக அதன்மேல் எழுப்பப்பட்ட அடுக்குகளுள், காயின்பேஸ் நிறுவனம் 2023 ஆகஸ்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ‘பேஸ்’ பிரசித்தமான ஒன்று. அதற்குள் ஈதரை அனுப்புவது சில நிமிஷ வேலை. வெளியே எடுப்பதோ ஒரு வாரத்திற்குக் குறையாத காரியம். அந்தக் காரியத்தை, எந்த இணையப் பக்கத்தின் தயவையும் நாடாமல், கணினியின் டெர்மினலிலிருந்தே நடத்திக்கொள்வதற்கென்று பேஸ் குழுவினர் மூலநிரலோடு வெளியிட்ட ‘வித்ட்ராயர்’ என்னும் சிறு கருவியைப் பற்றியதே இந்த விமர்சனம்.

தாமதத்தின் பழியைக் கருவியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. பேஸ் ஒரு ஆப்டிமிஸ்டிக் ரோல்அப். அதில் நடந்த பரிவர்த்தனைகள் யாவும் சரியானவை என்று முதலில் நம்பிவிட்டு, பொய்க்கணக்கு என்று எவரேனும் ஆட்சேபிக்க வாய்ப்பளிப்பதே அதன் சித்தாந்தம். நிலம் கிரயம் செய்யுமுன், ஆட்சேபணை உள்ளவர்கள் இத்தனை தினங்களுக்குள் தெரிவிக்கலாம் என்று வக்கீல் நாளிதழில் விளம்பரம் கொடுப்பதில்லையா, அவ்வகை அவகாசந்தான் இந்த ஏழு நாளும்.

‘கோ’ மொழியில் எழுதப்பட்ட இந்நிரலை இறக்கித் தொகுத்துக்கொள்வது நிரல் எழுதுவோர்க்கு எளிது. ஏனையோர்க்கு முதல் படியிலேயே மூச்சு வாங்கும். உண்மையில் முதல் படி கருவிக்கு வெளியேதான் இருக்கிறது. பேஸுக்கும் எத்தீரியத்துக்கும் இடையே பணம் கடத்தும் பாலத்தின், பேஸிலுள்ள ஒப்பந்த முகவரிக்கு நம் வாலட்டிலிருந்து ஈதரை அனுப்பவேண்டும். 42 என்று தொடங்கி, 36 பூஜ்யங்களைக் கடந்து, 10 என்று முடிகிற அந்த முகவரியைக் கையால் தட்டச்சு செய்யத் துணிபவர் இருந்தால் அவரைக் கும்பிட்டுவிட்டு விலகிக்கொள்வதே நலம். நகலெடுத்து ஒட்டுவதே உத்தமம். அனுப்பும் வாலட், ஒரு பிரைவேட் கீயினால் இயங்கும் சாதாரணக் கணக்காக இருக்கவேண்டும் என்பதும், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் வாலட்டிலிருந்து நேராக வரும் தொகையை அந்தப் பாலம் ஏற்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

அந்தப் பரிவர்த்தனையின் ஹாஷையும், வலையின் பெயரையும், எத்தீரிய நோட் ஒன்றின் முகவரியையும் கட்டளையோடு சேர்த்துக் கொடுத்தால், பேஸின் அந்நேரத்து நிலை எத்தீரியத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கருவி பார்க்கிறது. பதிவாகவில்லையெனில் பொறுக்கச் சொல்கிறது. பதிவாகியிருந்தால், நம் தொகை வெளியேறப் புறப்பட்டது மெய்யே என்பதற்கான மெர்க்கல் சான்றைத் தயாரித்து எத்தீரியத்திலுள்ள ஒப்பந்தத்திடம் ஒப்படைக்கிறது. ஏழு நாள் கழித்து அதே கட்டளையை, ஓர் எழுத்தும் மாற்றாமல், மறுபடி இயக்கினால் பணம் வந்து சேர்கிறது. எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதை நம்மைக் கேளாமல் கருவியே கண்டறிந்துகொள்ளும் இந்த அடக்கம், பொத்தான்கள் மின்னும் எத்தனையோ செயலிகளில் காணக்கிடைக்காதது.

அவகாசம் எண்ணப்படுவது சான்று ஒப்படைக்கப்பட்ட கணத்திலிருந்தேயன்றி, பாலத்துக்குப் பணம் அனுப்பிய நாளிலிருந்து அல்ல. பணத்தை அனுப்பிவிட்டு ஏழு நாள் சும்மா இருந்தவருக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கியே இராது. கருவி பின்னணியில் விழித்திருந்து ஞாபகமூட்டுவதில்லை. நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நம் பொறுப்பு. 2024 அக்டோபரில் பேஸில் மோசடி நிரூபண முறை அமலுக்கு வந்தபின் இன்னொரு நுட்பமும் சேர்ந்தது: நம் சான்று எந்த நிலைக்கணக்கைச் சார்ந்ததோ அது தள்ளுபடியானால், சான்றைப் புதிதாகக் கொடுத்து மீண்டும் காத்திருக்கவேண்டும்.

எனக்குள்ள பிரதான ஆட்சேபம் வேறு. பிரைவேட் கீயைக் கட்டளை வரியிலேயே எழுத இக்கருவி இடம் தருகிறது; அப்படி எழுதியது டெர்மினலின் வரலாற்றுக் கோப்பில் அப்படியே தங்கிவிடக்கூடும். லெட்ஜர் சாதனத்தின் மூலம் கையொப்பமிடும் வழியும் இதிலேயே இருக்க, சோதனை வலைக்கு அப்பால் முந்தைய வழியைக் கையாள்வதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

பேஸில் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்துவது காயின்பேஸ் நடத்தும் ஒரே சீக்வென்சர். அது ஒருவரைப் புறக்கணித்தால், பணத்தை வெளியே எடுக்கும் கோரிக்கையை எத்தீரியத்தின் வழியாகவே நுழைத்து, அதிகபட்சம் 12 மணி நேரத்தில் சேரச் செய்யும் மார்க்கம் உண்டு. ஆனால் அந்த முதல் படிக்கு இந்தக் கருவி உதவாது, பிந்தைய இரண்டான சான்று கொடுப்பதற்கும் பூர்த்தி செய்வதற்குமே உதவும்.

செலவைப் பொறுத்தவரை, சான்று கொடுப்பதும் பூர்த்தி செய்வதும் எத்தீரியத்தில் நிகழ்வதால் இரு முறையும் அங்கே கட்டணம் கட்டவேண்டும். அதற்கான ஈதர் அங்கே முன்னதாகவே இருக்கவும் வேண்டும். சிறு தொகை உடையவர்கள், கமிஷன் பெற்றுக்கொண்டு சில நிமிஷங்களில் கைப்பணம் தந்துவிடும் தனியார் பாலங்களை நாடுவதே லாபம். பெருந்தொகையை இடைத்தரகர் எவரிடமும் நம்பி ஒப்படைக்க விரும்பாதவர்களும், டெர்மினலைக் கண்டு அஞ்சாதவர்களும், முதலில் செபோலியா சோதனை வலையில் ஒரு சிறு தொகையை முழுச் சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, இதைத் தயங்காமல் உபயோகிக்கலாம்.