காசியிலிருந்து கடையத்துக்கு

காசியில் மாணவராக இருந்த பாரதி, 1901இல் கடையத்திலிருந்த மனைவி செல்லம்மாளுக்கு எழுதிய கடிதத்தைத் தமிழின் அருமையான காதல் கடிதங்களில் ஒன்றாகக் கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. பிறந்தநாள் மலர்களில் அது அச்சாகிறது, மேடைகளில் வாசிக்கப்படுகிறது. மனைவியைக் காதலி என்று அவர் விளிக்கும் இடத்திலேயே கைதட்டல் விழுந்துவிடுகிறது. ஒரு மூச்சில் படித்து முடிக்கக்கூடிய சின்னக் கடிதம்தான் அது. ஆனாலும் விளியைத் தாண்டிப் படிக்கிறவர்கள் குறைவு. தாண்டிப் படித்தால் அந்தப் பாராட்டு நிற்குமா? எட்டயபுரம் எங்கள் மாவட்டத்து ஊர், பாரதி எங்கள் மண்ணின் பிள்ளை. அந்தப் பாசத்துக்காக இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது அவருக்கே மரியாதை ஆகாது.

கடிதத்துக்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்யாணம் 1897இல் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பதினான்கு வயது முடிந்திருந்தது, பெண்ணுக்கு ஏழு. தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி அரைவை ஆலை வைத்தவர். கரிசல் காட்டுப் பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறிப் பணமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய ஆலையோ நொடித்துப்போனது. 1898இல் அவர் இறந்தார். ஆதரவற்றுப்போன பையன் காசிக்குப் போய், அனுமந்தக் கட்டத்தில் அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் படித்தான். செல்லம்மாள் கடையத்தில் பெற்றோர் வீட்டில் வளர்ந்தார். திருநெல்வேலிக்கு மேற்கே அப்போது ரயில் கிடையாது, கடையம் வழியாகச் செங்கோட்டைக்குப் பாதை வந்தது 1903இல்தான். காசியில் தபாலில் சேர்த்த கடிதம் நாட்டின் நீளம் முழுவதையும் கடந்து, கடைசியில் தரைவழியே வந்து ஒரு பதினொரு வயதுச் சிறுமியின் கைக்குப் போயிருக்கிறது.

இந்த வயதுக் கணக்கை ஒதுக்கிவிட்டுக் காதல் பேசுவது நேர்மையல்ல. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் யூட்டாவில், மார்மன் சபையைச் சேர்ந்த இளைஞர்களும் கடிதம் வழியே பழகினார்கள். 1875இல் பிரோவோ நகரில் நிறுவப்பட்ட பிரிகாம் யங் அகாடமியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். சபை ஊழியத்துக்காக ஆண்டுக்கணக்கில் வெளிநாடு அனுப்பப்பட்ட வாலிபனுக்கும் ஊரிலிருந்த பெண்ணுக்கும் தபால்தான் துணை. அங்கும் சபையின் கண் எப்போதும் மேலே இருந்தது, முழுச் சுதந்திரம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கடிதத்தின் முடிவில் பெண் ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமிருந்தது. செல்லம்மாளுக்கு அந்த இடமில்லை. தாலி ஏறி நான்கு வருஷம் ஆனபிறகு வந்த கடிதம் இது. சம்மதம் கேட்டு எழுதப்படுவதுதான் காதல் கடிதம் என்றால், இது அந்த வகையில் சேராது.

சரி, வகையை விடுவோம். எழுத்தில் என்ன இருக்கிறது? காதலி என்று அழைத்த கையோடு ஆசீர்வாதமும் சொல்கிறார் பாரதி. பெரியவர் சிறியவருக்கு எழுதும் முறை அது. அந்த நாளில் கணவன் மனைவிக்கு அப்படித்தான் எழுதினான். ஆக, புது உறவுக்கான ஆசையும் பழைய படிநிலையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பத்தொன்பது வயதுகூட நிரம்பாத மாணவனுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள முரண் உறைத்ததாகக் கடிதத்தில் தடயமில்லை.

அடுத்து, செல்லம்மாளின் பயம். உறவினர் ஒருவர் காசிச் செய்தியைச் சொல்லி அவரைக் கலங்க வைத்திருக்கிறார். செல்லம்மாள் அன்போடும் அச்சத்தோடும் எழுதியதற்குத்தான் இந்தப் பதில். பாரதி தீவிர அரசியலில் இறங்கிவிட்டார் என்ற சேதியே பயத்துக்குக் காரணம் என்று விளக்குவோர் உண்டு. எனக்கு அது பொருந்தவில்லை. சுதேசி இயக்கம் எழுந்தது 1905இல். காசியிலிருந்த மாணவர் 1901இல் செய்த கலகம் வேறு. குடுமியை எடுத்தார், மீசை வளர்த்தார், தலைப்பாகை கட்டினார். அத்தையின் கணவர் கிருஷ்ணசிவன் அதற்காக அவரைப் பந்தியில் உடன் உட்காரவிடாமல் ஒதுக்கினார் என்று பாரதி வரலாறுகள் சொல்கின்றன. ஓர் அக்கிரகாரத்துச் சிறுமியை நடுங்க வைக்க இந்தச் செய்தி போதும். பின்னாளைய தேசபக்தரை முன்னாளைய மாணவர் மீது ஏற்றிப் படிப்பதால், அந்தப் பெண்ணின் நிஜமான பயம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அந்தப் பயத்துக்குப் பாரதி தரும் மறுமொழியும் திருப்தியாக இல்லை. தான் தவறான வழியில் போகிறவனல்ல என்கிறார், நேரில் சந்திக்கும்போது விவரம் கூறுவதாகச் சொல்கிறார். என்ன நடந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. அவளைச் சமமாக மதித்திருந்தால் குடுமிக் கதையைச் சொல்லியிருப்பார்.

கொண்டாடுபவர்கள் கணக்கில் எடுக்காத சாட்சி ஒன்று பாரதியின் கையாலேயே இருக்கிறது. 1910இல் ‘கனவு’ என்ற பெயரில் வெளியிட்ட சுயசரிதையில், சிறுவயதில் வேறொரு பெண்ணிடம் தன் மனம் சென்றதையும், தந்தை தனக்கு மணம் முடித்து வைத்ததையும் அவர் ஒளிக்காமல் பாடினார். கல்யாணம் தன் தேர்வல்ல என்று மனைவி உயிரோடிருக்கும்போதே ஊரறியச் சொன்னவர் அவர். இதற்கும் முன்பு, 1905-06 வாக்கில் அயல்நாட்டவரான சகோதரி நிவேதிதையைச் சந்தித்தபோது, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்ற கேள்விக்குச் சமூக வழக்கத்தைக் காரணம் காட்டி, அவரிடம் கடிந்துரை வாங்கிக்கொண்டார். அதற்குள் பெண்களுக்கான ‘சக்கரவர்த்தினி’ இதழின் ஆசிரியராகவும் ஆகியிருந்தார். கடிதத்தில் காதலி என்று எழுதுவது ஒன்று, நாலு பேர் முன்னால் கூட்டி வருவது வேறு. இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஐந்து வருஷமும் ஓர் அயல்நாட்டுப் பெண்மணியின் கண்டிப்பும் தேவைப்பட்டன.

இவ்வளவுக்குப் பிறகும் கடிதத்தை என்னால் தள்ள முடியவில்லை. காரணம் அதன் கடைசி வேண்டுகோள். கவலைப்படுகிற நேரத்தில் தமிழை நன்றாகப் படி, அதுவே எனக்குச் சந்தோஷம் என்று முடிக்கிறார். கட்டளைத் தொனி இதிலும் இருக்கிறது. கவலையைத் தீர்க்காமல் பாடம் கொடுக்கிறார் என்று குறை சொல்லலாம், அந்தக் குறை நியாயமானதே. ஆனால் 1901இல் ஓர் ஊர்ப்புற அக்கிரகாரத்தில் கல்யாணமான பெண்ணிடம் கணவன் கேட்பதற்கு எத்தனையோ இருந்தன. மாமியார் வீட்டுக்கு ஏற்ற பழக்கம், நோன்பு, அடக்கம் என்று பட்டியல் நீளும். இவர் படிப்பைக் கேட்கிறார். படித்தவள் பதில் எழுதுவாள், மறுத்தும் எழுதுவாள். எழுதியவருக்கு அந்த விளைவு அன்றே தெரிந்திருந்ததா என்பது முக்கியமில்லை. வாசலைத் திறந்துவிட்டார், அதுதான் முக்கியம். ருதுவாகுமுன் மணம் கூடாது, பிடிக்காதவனை மணக்கும்படி வற்புறுத்தக் கூடாது என்று பிற்பாடு கட்டுரைகளில் அவர் வரிசையாக வைத்த கோரிக்கைகள், அவருடைய சொந்தக் கல்யாணத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துபவை. அந்த நேர்மைக்கான முதல் அசைவை இந்தக் கடிதத்தின் கடைசி வரியில் காண்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு இது. காதல் கடிதம் என்ற பட்டம் இதற்குச் செல்லாது. கேட்கப்படாத ஒரு சிறுமிக்கு, தானும் கேட்கப்படாத ஒரு மாணவன் எழுதியது இது. அதன் விளியைப் பெரிதாக்கி, அதன் மௌனங்களை மறைப்பது பாரதிக்கும் செல்லம்மாளுக்கும் செய்யும் அநீதி. பெண்கல்வி பற்றிய பாரதியின் சிந்தனைக்கு ஆரம்ப ஆவணமாக அதை வைத்தால், அதன் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. பள்ளியிலும் மேடையிலும் வாசிப்பவர்கள் இரண்டு பேரின் வயதையும் சொல்லிவிட்டு, கடைசி வரி வரை வாசிக்க வேண்டும்.

அச்சில் நமக்கு வாய்த்திருப்பது பாரதியின் பக்கம் மட்டுமே. செல்லம்மாளின் பக்கத்தைக் கேட்க விரும்புகிறவர்கள் அவரே பின்னாளில் சொன்னவற்றுக்குப் போகலாம். பாரதி 1921இல் மறைந்தபின், அடுத்த ஆண்டே பாரதி ஆச்ரமம் தொடங்கிக் கணவரின் பாடல்களைப் பதிப்பித்தவர் அவர். பாரதி சரித்திரத்தையும் தந்தார். 1951இல் திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்று பேசியபோது, ஒரு கவிஞனுக்கு வாழ்க்கைப்படுவதன் கஷ்டத்தையும் மறைக்காமல் சொன்னார்.