ஆயிரம் பொற்கொல்லர்கள்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் போனால் சிறுமலை கூடவே வரும். கொடும்பாளூரில் மூன்றாகப் பிரியும் மதுரை வழிகளைச் சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையவன் சொல்லும்போது, வலப்பக்கத்து வழி இந்த மலையை ஒட்டித்தான் போகிறது. மலையைச் சூழ்ந்த வாழையையும் பலாவையும்கூட இளங்கோ விட்டுவிடவில்லை. கோவலன் இந்த வழியில் வரவில்லை, நடுவழியே போய்விட்டான். ஆனால் அவன் கதை வந்துவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'கோவலன்' தென்மாவட்டத் திருவிழா மேடைகளில் விடிய விடிய நடந்த நாடகம். கோவலனைச் சிலம்பு திருடிய கள்வன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்த தட்டான் மேடையேறியதும் பெண்கள் வாய்விட்டுத் திட்டியதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பழிவாங்கும் கதைகளில் கண்ணகி கதைக்கு நான் தரும் இடம் பெரியது. அவள் முதலில் கேட்டது உயிரை அல்ல, விசாரணையை. வாயிற்காவலனிடம் சொல்லியனுப்பி, அவைக்குள் போய், ஊரையும் பேரையும் சொல்லி, சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். அரசியின் சிலம்பில் முத்து; இவள் சிலம்பில் மாணிக்கம். இதைவிடச் சுருக்கமாக ஒரு வழக்கை நிரூபிக்க முடியாது. பாண்டியன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அங்கேயே உயிர் விடுகிறான். கொல்லப்பட்டவனின் மனைவி அரசனை நிற்கவைத்துக் கேட்கலாம் என்ற துணிச்சலை இந்தக் காட்சி எத்தனையோ தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறது.

வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. தீ அதற்குப் பிறகுதான் மூள்கிறது. கி.மு. 458இல் ஏதென்ஸில் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய 'ஒரெஸ்டெயா'வில் கொலைக்குக் கொலை என்று நீண்ட பழியை நீதிமன்றம் வந்து நிறுத்துகிறது. இங்கே தீர்ப்புக்குப் பின்னால் ஊர் எரிகிறது. ஆனாலும் கண்ணகி தீக்கு வரம்பு கட்டுகிறாள்: அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகளை விட்டுவிடச் சொல்கிறாள். அழிக்கும் நேரத்திலும் ஆள் பார்த்து நின்றவள் அவள்.

அந்த வரம்பு கண்ணகியோடு போயிற்று. மழை பொய்த்து நாடு வாடியபோது, கொற்கையிலிருந்த அடுத்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களை அவளுக்குப் பலி கொடுக்கிறான். மழை பெய்கிறது, நாடு செழிக்கிறது. பொய் சொன்னவன் ஒருவன், செத்தவர்கள் ஆயிரம் பேர். அவர்கள் செய்த குற்றம் அவன் செய்த தொழிலைச் செய்தது மட்டுமே. காப்பியம் இதை ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு நகர்கிறது. என்னால் அப்படி நகர முடியவில்லை.

இளங்கோவுக்கு இந்த வலி தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. முற்பிறப்பில் கோவலன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொடுத்துக் கொன்றான் என்கிறது மதுராபதித் தெய்வம். அந்தச் சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையிலிருந்து குதிக்கும் முன் சாபமிட்டாள். ஒரு நீலியின் அழுகையைக் கேட்ட கவிக்கு ஆயிரம் வீட்டின் அழுகை கேட்கவில்லை. 'ஹாம்லெட்'டில் திரைக்குப் பின்னால் நின்ற பொலோனியஸ் ஆள் மாறிக் குத்துப்பட்டுச் சாகிறான். ஷேக்ஸ்பியர் அதைச் சும்மா விடவில்லை. மகள் ஒஃபீலியா சித்தம் கலங்கிப் பாடுகிறாள். மகன் லேயர்ட்டீஸ் வாளோடு வருகிறான். பழிவாங்குகிறவனும் பழிக்கு ஆளாகிறான் என்பதை அந்த நாடகம் கண்ணெதிரே வைக்கிறது.

புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கோவலன் கதை இன்னும் வேறு பக்கம் போய்விட்டது. அங்கே பாண்டியனை அழிக்கக் காளியே கண்ணகியாகப் பிறக்கிறாள். முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டால் அவையில் அவள் கேட்கும் கேள்விக்கு என்ன வேலை? ஊழ்வினை என்று சொல்லும்போது காப்பியத்துக்கும் இதே பலவீனம் கொஞ்சம் உண்டு.

நம் பக்கத்து நாடகக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை கோவலன் நாடகம் போடும்போது, மதுரை எரிந்ததும் திரையை இறக்கிவிடாதீர்கள். அந்த ஆயிரம் பேரில் ஒருவனுடைய மனைவி, புருஷனின் ஊதுகுழலைக் கையில் பிடித்துக்கொண்டு, வெற்றிவேற் செழியன் அவைக்கு வரட்டும். கண்ணகி கேட்ட அதே கேள்வியை அவளும் கேட்கட்டும்.