குப்பியும் விசிறியும்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயமொன்றில், அயலவரோடு அமர்ந்து ‘தசாவதாரம்’ படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தோம். 2008ஆம் ஆண்டு வெளிவந்த இப்படத்தின் இக்காலக் கதை அமெரிக்க ஆய்வுகூடமொன்றில் தொடங்குகிறது. செயற்கையாக ஆக்கப்பட்ட கொடிய கிருமி, அதனைக் காக்க ஓடும் விஞ்ஞானி, துரத்தும் கொலைகாரன். கமல்ஹாசனின் பத்து வேடங்களைப் பற்றிப் பலரும் எழுதித் தீர்த்துவிட்டனர், அதனை விடுவோம். எம்மருகே இருந்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் இரவெல்லாம் கொழுந்து வாட்டும் விசிறிகளைக் கவனிப்பவர். அவர் கேட்டார்: “அந்தக் குரங்கு செத்த அறையிலேருந்து காத்து எங்கங்க போகுது?”

படத்தில் உண்மையை நெருங்கும் காட்சி அது ஒன்றுதான். ஆய்வுகூடத்துக் குரங்கு கிருமியை விழுங்கி மாள்கிறது. பகைவனின் சதியன்று, உள்ளேயே நேர்ந்த கவனக்குறைவு. படமோ உடனே அதைக் கைவிட்டுத் துரத்தலுக்குப் போய்விடுகிறது.

உச்சக் காப்பு ஆய்வுகூடத்தின் உயிர் குப்பியில் இல்லை, காற்றில் இருக்கிறது. உள்ளறைகளின் காற்றழுத்தம் வெளியினும் குறைவாக வைக்கப்படுவதால் காற்று உள்நோக்கியே பாயும். நுண்வடிகட்டிகளைக் கடந்தே வெளியேறும். மின்சாரம் நின்றால்? வடிகட்டியை மறந்தால்? 1979 ஏப்ரலில் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லொவ்ஸ்கில் இராணுவ நிலையமொன்றிலிருந்து அந்திராக்ஸ் காற்றில் கலந்தது. கழற்றிய வடிகட்டி மீண்டும் பொருத்தப்படவில்லை என்று பின்னாளில் செய்தி வெளிவந்தது. குறைந்தது 66 பேர் மாண்டனர். காற்று வீசிய திசையிலிருந்த மட்பாண்டத் தொழிற்சாலைத் தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். கெட்ட இறைச்சியே காரணமென்று அரசு சாதித்தது. 1992இலேதான் உண்மையை ஒப்புக்கொண்டனர். தொழிலாளர் பெயரால் ஆண்ட அரசு தொழிலாளரிடமே மறைத்த இச்செய்தியை, முற்போக்காளராகிய நாம் தாழ்ந்த குரலில் சொல்லுதல் தகாது. மறுபக்கத்துக் கதையும் மேலானதன்று. 2001இல் அமெரிக்காவில் அஞ்சல்வழி வந்த அந்திராக்ஸ் ஐவரைக் கொன்றது. அது தம் இராணுவ ஆய்வுகூடத்துக் கிருமியே என்று அந்நாட்டுப் புலனாய்வுத் துறையே முடிவு கூறிற்று. இதனிடையே, பாதுகாப்பின் பெயரால் அத்தகைய கூடங்கள் அங்கு மேலும் பெருகின.

ஆய்வுகூடமே வேண்டாமென்பது எம் கட்சியன்று. 2001இல் சிலிகுரியில் பரவிய நோய் நிப்பா என்பது ஆண்டுகள் கழிந்தே தெளிவாயிற்று. 2012இல் புனேயில் உச்சக் காப்புக் கூடம் திறக்கப்பட்டது. 2018இல் கோழிக்கோட்டில் நிப்பா வந்தபோது புனே சில நாட்களிலேயே அதனை உறுதி செய்தது. இலங்கையிலும் அத்தகையதொன்று எழலாம், எழட்டும். ஆனால் விசிறியைக் காப்பவர் யார், பிழை நேர்ந்தால் அயலவருக்கு எத்தனை மணி நேரத்தில் அறிவிப்பர் என்பதை அத்திவாரம் இடுமுன்னரே கேட்டாக வேண்டும். குப்பியையும் வில்லனையும் மட்டுமே கண்டு பழகிய நம் ரசிகர் இதனைக் கேட்பதில்லை. எமது குறை அதுவே.

படத்தின் முடிவுதான் எமக்குப் பொறுக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை, உப்புநீரால் கிருமியைக் கொன்று உலகைக் காப்பதாகக் காட்டுகிறார்கள். இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோரை விழுங்கிய அலை அது. அவ்விடத்தில் அந்த லயத்து அறையில் எவரும் கைதட்டவில்லை.