தொலைந்தது என்று எழுது

பஸ்ஸில் என் செல்போனை ஒருவன் அடித்துவிட்டான். பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஏட்டு ஒருவர் அதை நிதானமாகப் படித்தார். பிறகு பேனா முனையால் ஒரு சொல்லைத் தொட்டார். "திருடிட்டான்னு எழுதாதீங்க தம்பி. தவற விட்டுட்டேன்னு எழுதுங்க."

"இல்ல ஏட்டய்யா, அவன் கைய விட்டு எடுத்தத நானே பார்த்தேன்."

"பார்த்தவர் புடிச்சிருக்கணும்ல?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். வேறு தாள் வாங்கி, 'தவற விட்டுவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீது வந்தது. தமிழ்நாட்டில் ஸ்டேஷன் வாசல் மிதித்தவர்கள் எல்லோரும் அறிந்த காகிதம் அது. புகார் வந்தது என்பதற்கு அத்தாட்சி, வழக்கு பதிந்தது என்பதற்கு அல்ல. ஒரு வினைச்சொல் மாறியதும் திருடன் காணாமல் போய், எழுவாயாக நான் மட்டும் மிஞ்சினேன்.

அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் பிராங்க்ளின் ஜேக்கப்பின் 'ரைட்டர்' படத்தைப் பார்த்தேன். 2021 டிசம்பரில் வந்தது, பா. இரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு. நம் போலீஸ் படங்களில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஓர் ஆள், ஸ்டேஷன் ரைட்டர், இதில் மையத்தில் உட்கார்ந்திருக்கிறார். திருச்சிப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கும் தங்கராஜ். காவலர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று கோர்ட் படி ஏறியவர். அதற்குத் தண்டனையாகச் சென்னைக்கு மாற்றப்படுகிறார். அங்கே சட்டவிரோதக் காவலில் இருக்கும் ஆராய்ச்சி மாணவன் ஒருவனுக்குக் காவல் இருக்க வேண்டி வருகிறது. அந்தப் பையன் செய்த குற்றம், போலீஸ்காரர்களின் தற்கொலையைப் பற்றித் தகவல் கேட்டது.

'சாமி', 'காக்க காக்க', 'சிங்கம்' என்று நாம் கைதட்டி வளர்ந்த படங்களில் கதாநாயகன் காகிதத்தைத் தொடமாட்டான். தொட்டாலும் கிழித்துப் போடத்தான். நடைமுறை என்பது அவனுக்கு எரிச்சல், வில்லனுக்குக் கேடயம். ரைட்டர் என்பவர் சல்யூட் அடித்துவிட்டு, தொப்பையோடு ஒரு ஜோக் சொல்லிவிட்டுப் போகிற ஆள். உண்மையில் ஸ்டேஷன் நடப்பதே அவர் மேசையில்தான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யாருக்குப் பாரா, எந்தப் புகார் எஃப்.ஐ.ஆர். ஆகும், எது ரசீதோடு நிற்கும், எல்லாம் அவர் கையெழுத்து வழியாகப் போகிறது. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவு. அந்தக் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கும்? ரைட்டர் நேரத்தைக் குறித்த பிறகுதான். அதுவரை உள்ளே இருப்பவன் எங்கேயும் இல்லாதவன்.

இந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கக்கூடாது. வெற்றிமாறனின் 'விசாரணை'க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். காரணம் சமுத்திரக்கனி. அங்கே அவர் இன்ஸ்பெக்டர் முத்துவேல், இங்கே ரைட்டர் தங்கராஜ். ஒரே முகம், ஒரே துறை, இரண்டு தட்டு. இருவருமே முழுதாகக் கெட்டவர்கள் இல்லை. முத்துவேல் குண்டூரில் அடிபட்டுக் கிடக்கும் தமிழ்ப் பையன்களை மீட்டுக் கொண்டுவருகிறார், அதே ஆளைப் பிறகு அவருடைய ஆட்களே தீர்த்துக் கட்டுகிறார்கள். தங்கராஜ் சங்கம் கேட்கிறவர், ஆனால் அந்த மாணவன் மேல் விழும் பொய் வழக்கில் அவர் பங்கும் இருக்கிறது. தொழில் தெரிந்தவரின் பங்கு அது. எந்த ஓட்டையை எந்தத் தாளால் அடைக்கலாம் என்று முப்பது வருடம் பழகிய கை.

என் ஏட்டய்யாவை நான் புரிந்துகொண்டது இந்த இரண்டு படங்களுக்கு நடுவில்தான். அவர் சோம்பேறி இல்லை, லஞ்சமும் கேட்கவில்லை. என் செல்போன் எஃப்.ஐ.ஆர். ஆனால் அந்த ஸ்டேஷன் கணக்கில் ஒரு திருட்டு கூடும். கண்டுபிடிக்காவிட்டால் கிரைம் மீட்டிங்கில் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். அவர் வாங்கிய திட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது எஸ்.ஐ. வழியாக ஏட்டு மேசைக்கு வந்து சேரும். பிடியாணைக்குரிய குற்றம் அல்ல, போலீஸ் நேராகவே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. ஆனால் ஏட்டுக்குத் தினமும் கேட்பது உச்ச நீதிமன்றத்தின் குரல் இல்லை, வயர்லெஸ்ஸில் வருகிற குரல். 'விசாரணை'யில் குண்டூர் போலீசுக்கும் இதே கணக்குத்தான். ஒரு திருட்டு வழக்கை முடித்தாக வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், பார்க்கில் தூங்குகிறவன் போதும். என் ஊரில் குற்றம் அழிக்கப்பட்டது, அங்கே குற்றவாளி செய்யப்பட்டான். இரண்டையும் செய்ய வைப்பது ஒரே எண்ணிக்கைதான்.

'ரைட்டர்' மேல் எனக்கு வருத்தம் இங்கேதான். முதல் பாதியில் இந்தக் கணக்கை அவ்வளவு நெருக்கமாகக் காட்டிவிட்டு, பின்பாதியில் ஒரு கொடூரமான உயரதிகாரியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. குதிரை ஏற ஆசைப்படும் பெண் காவலரும், அவளை ஏறவிடாத அதிகாரியும் வருகிற பகுதி மனதை உலுக்கும், மறுக்கவில்லை. காக்கிக்குள் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழில் இவ்வளவு நேராகச் சொன்ன படங்கள் குறைவு. ஆனாலும் அவனை வெறுத்து முடித்ததும் நமக்கு மனசு லேசாகிவிடுகிறது. அவன் இல்லாமல் ஒரு நல்ல அதிகாரி அந்த நாற்காலியில் இருந்திருந்தால் பையன் தப்பித்திருப்பான் என்று நம்பிவிடுகிறோம். 'விசாரணை' அந்தச் சலுகையைத் தரவில்லை. அங்கே நல்லவர் இருந்தார், இருந்தும் பயன் இல்லை.

படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற இன்னொன்று, தங்கராஜின் சங்கம். போலீஸ்காரர்கள் அனுமதி இல்லாமல் சங்கம் வைக்க முடியாதபடி 1966இல் ஒரு மத்தியச் சட்டமே இருக்கிறது. இந்தத் துறையின் எலும்புக்கூடு 1857 கிளர்ச்சி அடங்கிய கையோடு வந்தது. மெட்ராஸ் மாகாணத்துக்கு 1859 சட்டம், இந்தியாவுக்கு 1861 சட்டம். கீழே இருப்பவன் கேள்வி கேட்கக் கூடாது என்பதுதான் அதன் முதல் விதி. இரண்டாம் நிலைக் காவலராக ஒரு வாசல், எஸ்.ஐ.யாக ஒன்று, டி.எஸ்.பி.யாக ஒன்று, ஐ.பி.எஸ். ஒன்று. முதல் வாசலில் நுழைந்தவர் பத்து வருடத்தில் முதல் நிலை, பதினைந்தில் ஏட்டு, இருபத்தைந்தில் சிறப்பு எஸ்.ஐ. என்பதுதான் நெடுநாள் கணக்கு. தலைமுடி நரைத்த ஏட்டு, மகன் வயது அதிகாரிக்கு விறைப்பாக நிற்பது அதனால்தான். ஆர்டர்லி முறையைத் தமிழ்நாடு 1979இலேயே ஒழித்துவிட்டதாக அரசாணை. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதே முறையை ஒழிக்கச் சொல்லி மறுபடி கண்டிக்க வேண்டியிருந்தது. காவலருக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு என்ற உத்தரவே 'ரைட்டர்' வெளிவந்த அதே 2021இல்தான் வந்தது. ஓய்வே இல்லாதவனின் கோபம் எங்கே போய் இறங்கும் என்பதற்கு லாக்கப் சுவர் சாட்சி. இதைச் சொல்வது அடித்தவனுக்கு வக்காலத்து வாங்க அல்ல.

2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபின் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், ஸ்டேஷன் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். இயந்திரம் மறந்ததை ஒரு பெண் தலைமைக் காவலர் நினைவு வைத்திருந்து சொன்னார். தங்கராஜின் அதே பதவி. படத்தைவிட அந்தச் செய்திதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. சொன்னவருக்குப் பின்னால் நிற்க ஒரு சங்கம்கூடக் கிடையாது.

இலக்கியத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். 'விசாரணை'க்கு மூலமான 'லாக்கப்' நாவலை எழுதிய மு. சந்திரகுமார், கோவையில் ஆட்டோ ஓட்டியவர், குண்டூரில் அடிபட்டவர். குற்றவாளி என்று யாரோ எழுதிவைத்த ஆள், தன் கையால் திருப்பி எழுதினார். மேல்தட்டிலிருந்து திலகவதி ஐ.பி.எஸ். நாவல்கள் எழுதினார், 'கல்மரம்' சாகித்ய அகாதமி விருதும் வாங்கியது. நடுவில் இருப்பவர்தான் இந்தத் துறையிலேயே அதிகம் எழுதுகிறவர். நாள் முழுக்க, பிறர் பெயரில், செயப்பாட்டு வினையில். அந்த நாற்காலியிலிருந்து வந்த ஒரு தமிழ் நாவலை நான் இதுவரை படித்ததில்லை. என் ஏட்டய்யா கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.